தோணியிலிருந்து ஒரு அணையைக் கண்டவர்

1915ஆம் ஆண்டு. மேற்கு ஆபிரிக்காவில் ஓடும் வோல்ட்டா ஆற்றின் வழியே ஒரு மரத்தோணி கீழ்நோக்கி வந்துகொண்டிருந்தது. தோணியில் இருந்த வெள்ளைக்காரருக்கு வயது நாற்பத்தேழு. அன்றைய பிரித்தானிய கொலனியான கோல்ட் கோஸ்ட்டின், அதாவது இன்றைய கானாவின், புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்துக்கு அவர்தான் பணிப்பாளர். அக்கொசொம்போ என்ற இடத்தை அண்மித்தபோது அகன்று வந்த ஆறு மலைகளுக்கு நடுவே ஒடுங்குவதை அவர் கவனித்தார். இந்த இடத்தில் அணை கட்டலாம் என்பது அவருக்கு உடனே விளங்கியது. சிறிது காலத்துக்கு முன்னர்தான் குவாகு மலைமேட்டில் பொக்சைற் இருப்பதை அவர் கண்டுபிடித்திருந்தார். மலையில் கல் இருக்கிறது, ஆற்றில் மின்சாரம் எடுக்கலாம். இரண்டும் சேர்ந்தால் அலுமினியம்.

அவர் பெயர் அல்பேர்ட் ஏர்னஸ்ட் கிற்சன். அந்தத் தோணிப் பயணத்துக்கு ஐம்பது வருடங்களுக்குப் பின்னர் அதே இடத்தில் அணை எழுந்தது. சுமார் 80,000 பேர் தங்கள் ஊர்களை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. ஆனால் எந்தக் கல்லுக்காக அந்த அணையை அவர் கற்பனை செய்தாரோ, அந்தக் கல்லை உருக்க அந்த மின்சாரம் பயன்படவில்லை.

கானாவின் அணையைப் பற்றிப் பேசுகிறவர்கள் கிற்சனில் இருந்துதான் கதையைத் தொடங்குகிறார்கள். இங்கு அவரை அறிந்தவர்கள் குறைவு. ஆனால் நில அளவையாளர்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் சனம் ஏன் வீதிக்கு வந்து நிற்கிறது என்பதை அறிந்த நமக்கு, இந்த மனிதரின் வாழ்க்கை அந்நியமானதாக இருக்காது.

கிற்சன் 1868ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மன்செஸ்டரில் பிறந்தார். குடும்பம் சில காலம் இந்தியாவின் நாக்பூரில் வாழ்ந்தது. பின்னர் 1876இல் அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவுக்குக் குடிபெயர்ந்தது. செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளை அல்ல. அரச சேவையில் சாதாரண எழுதுவினைஞராகச் சேர்ந்தார். வேலை செய்துகொண்டே மெல்பேர்ணில் தொழிலாளர்களுக்கான கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் புவிச்சரிதவியலும் சுரங்கவியலும் படித்தார். மேசையில் இருந்து கோப்புப் புரட்டிய இளைஞர் மெல்ல மெல்லக் காட்டுக்குப் போகும் ஆய்வாளராக மாறினார். விக்டோரியாவின் கிப்ஸ்லாந்துப் பகுதி நிலக்கரிப் படுகைகளை நடந்தே அளந்தார். பாறையோடு நிற்காமல் மரம், செடி, பறவை என்று கண்ணில் பட்டதையெல்லாம் குறித்துவைத்தார். அங்குள்ள ஒரு யூகலிப்டஸ் மரவகைக்கு இன்றும் அவருடைய பெயர்தான் அறிவியற் பெயராக இருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கிற்சனை ஒரு பேராசைக்காரராக, கொள்ளையராக வரைவது இலகு. அது உண்மை அல்ல. அவர் கவனமான மனிதர், உழைப்பாளி, தான் கண்டதை நேர்மையாக எழுதியவர். சிக்கல் அவருடைய நேர்மையில் இல்லை. அவர் எதை எண்ணினார், எதை எண்ணவில்லை என்பதில்தான் இருக்கிறது.

1906இல் அவருக்குத் தென் நைஜீரியாவின் கனிய அளவைக்குத் தலைமை தாங்கும் வேலை கிடைத்தது. அந்த அளவை லண்டனில் இருந்த இம்பீரியல் இன்ஸ்ரிரியூட் என்ற நிறுவனத்துடன் இணைந்தது. கொலனிகள் தோறும் ஆட்களை அனுப்பி, கல்லையும் மண்ணையும் மூட்டை கட்டி லண்டனுக்கு எடுத்து, எதில் பணம் இருக்கிறது என்று பார்ப்பதே திட்டம். இலங்கையிலும் அதே காலத்தில் அப்படியொரு கனிய அளவை நடந்தது. 1903 முதல் 1906 வரை அதற்குத் தலைமை தாங்கியவர் நாம் கலை வரலாற்றாசிரியராக மட்டும் நினைவில் வைத்திருக்கும் ஆனந்த குமாரசுவாமி. தோரியனைற் என்ற கனியத்தைக் கண்டறிந்தவர் அவர். குமாரசுவாமி மாட்டுவண்டியில் ஊர் ஊராகக் கல் தேடிப் போன இடத்தில் கைவினைஞர்களைக் கண்டார். பிறகு கல்லை விட்டுவிட்டு அவர்களைப் பற்றி எழுதத் தொடங்கினார். கிற்சன் கடைசிவரை கல்லோடுதான் இருந்தார்.

நைஜீரியாவில் 1909இல் கிற்சனின் குழு உடி மலைச்சரிவில் நிலக்கரியைக் கண்டது. அதற்காகவே கடற்கரையில் போர்ட் ஹார்கோர்ட் துறைமுகம் உருவானது. புகையிரதப் பாதை போடப்பட்டது. எனுகு என்ற நகரம் சுரங்கத்தைச் சுற்றி எழுந்தது. 1949 நவம்பர் 18ஆம் திகதி அதே எனுகுவின் ஐவா பள்ளத்தாக்குச் சுரங்கத்தில், சம்பளத்துக்காகப் போராடிய தொழிலாளர்கள் மீது பொலிஸார் சுட்டதில் 21 பேர் கொல்லப்பட்டனர். அப்போது கிற்சன் இறந்து பன்னிரண்டு வருடங்கள் ஆகியிருந்தன.

1913இல் அவர் கோல்ட் கோஸ்ட்டுக்குப் பணிப்பாளராக வந்தார். பதினேழு வருடங்கள் அந்தப் பதவியில் இருந்தார். அந்தக் காலத்தில் அவர் கண்டுபிடித்தவற்றின் பட்டியல் எந்தக் கொலனி அதிகாரியையும் பொறாமைப்படுத்தும். 1914இல் நுசூட்டாவில் மங்கனீசு. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்ததால் இரண்டு வருடத்துக்குள் அங்கே தோண்டத் தொடங்கிவிட்டார்கள். 1919இல் பிரிம் ஆற்றுப் பகுதியில் வைரம். இவற்றுக்கு நடுவில் பொக்சைற்.

பொக்சைற்றைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். பிரான்ஸின் தெற்கில் லே போ என்ற கிராமத்துக்கு அருகே 1821இல் பியர் பேர்த்தியே என்ற ஆய்வாளர் இதை அடையாளம் கண்டார். ஊரின் பெயரே கல்லின் பெயரானது. நீண்ட காலம் அதனால் பெரிய பயன் இருக்கவில்லை. 1886இல் அமெரிக்காவிலும் பிரான்ஸிலும் இரண்டு இளைஞர்கள் தனித்தனியாக, மின்சாரத்தைக் கொண்டு அலுமினியத்தைப் பிரிக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஓரிரு வருடங்களில் பொக்சைற்றில் இருந்து அலுமினாவைச் சுத்தமாகப் பிரிக்கும் முறையும் வந்தது. ஒரு காலத்தில் அரச விருந்துகளில் மட்டும் காணப்பட்ட உலோகம் சட்டிபானைக்கும் ஆகாயவிமானத்துக்கும் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து உலகம் முழுவதும் சிவந்த மலைகளைத் தேடத் தொடங்கினார்கள்.

கடும் மழையும் கடும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் நாடுகளில் பாறை மெல்ல அழுகுகிறது என்று சொல்லலாம். மழைநீர் இலட்சக்கணக்கான வருடங்களாகச் சிலிக்காவைக் கரைத்துக் கொண்டுபோய்விடும். கரையாத இரும்பும் அலுமினாவும் மிஞ்சும். இரும்பு கூடினால் அது செம்பூராங்கல். தென்னிலங்கையில் வீடு கட்ட வெட்டுகிறார்களே, அந்தக் கபொக் கல் இந்த வகைதான். அலுமினா கூடினால் அது பொக்சைற். கானாவில் அது மலைகளின் தட்டையான உச்சியில் தொப்பி போட்டதுபோல் கிடக்கிறது. கிற்சன் கண்ட எஜுவானெமா மலை அப்படிப்பட்டது. குவாகு மேட்டில், ம்பிரேசோ என்ற ஊருக்கு அருகில் இருக்கிறது.

கண்டால் மட்டும் போதாது, அளக்க வேண்டும். உச்சியில் ஒழுங்கான இடைவெளியில் குழிகள் வெட்டுவார்கள். மேல் மண்ணின் ஆழம், கீழே பொக்சைற் படையின் தடிப்பு, அதற்கும் கீழே களி எங்கே தொடங்குகிறது என்று ஒவ்வொரு குழியிலும் குறிப்பார்கள். குழியின் சுவரில் மேலிருந்து கீழாகச் சுரண்டி மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். அலுமினா எத்தனை வீதம், சிலிக்கா எத்தனை வீதம் என்பதுதான் கேள்வி. சிலிக்கா கூடினால் சுத்திகரிக்கும்போது எரிசோடாவை அது தின்றுவிடும், செலவு ஏறிவிடும். பரப்பை தடிப்பால் பெருக்கி, கல்லின் அடர்த்தியால் பெருக்கினால் எத்தனை தொன் என்று வரும். அதன் பிறகு துறைமுகம் எவ்வளவு தூரம், புகையிரதம் வருமா, மின்சாரம் எங்கே என்று பார்ப்பார்கள். ஒரு தொன் அலுமினியத்துக்கு ஏறக்குறைய நான்கு தொன் பொக்சைற் வேண்டும். இன்றைய ஆலைகளிலேயே ஒரு தொன்னுக்குப் பதினையாயிரம் அலகு அளவில் மின்சாரம் செலவாகிறது. மலிவான மின்சாரம் இல்லாத இடத்தில் பொக்சைற் வெறும் சிவந்த கல். கிற்சன் மலையைக் கண்ட பிறகு ஆற்றைப் பார்த்தது இதனால்தான்.

இந்த வேலையைச் செய்ய அவர் காட்டுப்பாதையில் நாட்கணக்காக நடந்தார். ஆனால் தனியாக நடக்கவில்லை. அன்றைய கொலனி அளவைகள் எல்லாம் சுமைகாரர்களின் தலையில்தான் நகர்ந்தன. கூடாரம், உணவு, கருவி, கல் மூட்டை எல்லாம் அவர்கள் தலையில். எந்த மலையில் எந்த நிறக் கல் இருக்கிறது என்று வழிகாட்டியவர்கள் அந்த ஊர் ஆட்கள். கண்டுபிடித்தவர் என்று வரலாறு ஒருவரின் பெயரையே வைத்துக்கொண்டது.

1925இல் அவருடைய திணைக்களம் தன் முதலாவது அறிக்கை நூலை வெளியிட்டது. கோல்ட் கோஸ்ட்டின் கனிய வளங்களையும் நீர்வலுவையும் பற்றிய சுருக்கம் அது. கனியம் தேடுகிறவர்களுக்கான ஆலோசனைகளும் அதில் இருந்தன. அக்கொசொம்போவில் அணை, அதிலிருந்து மின்சாரம், குவாகு பொக்சைற்றில் இருந்து அலுமினியம் என்ற யோசனை அதில்தான் எழுத்தில் வந்தது. பத்து வருடத்துக்கு முன்னர் தோணியில் தோன்றிய எண்ணம் அரச காகிதமாகிவிட்டது. அணை கட்டினால் ஆற்றங்கரை ஊர்களுக்கு என்ன ஆகும் என்பது ஒரு புவிச்சரிதவியலாளரிடம் கேட்கப்பட்ட கேள்வி அல்ல. வேறு யாரிடமும் அது கேட்கப்படவில்லை.

அன்று அந்த யோசனையை யாரும் கையில் எடுக்கவில்லை. கொலனியில் கொக்கோ நல்ல இலாபம் தந்துகொண்டிருந்தது. கிற்சனுக்கு 1927இல் சேர் பட்டம் கிடைத்தது. அதே வருடம் லண்டன் புவிச்சரிதவியல் சங்கத்தின் லயெல் பதக்கமும் வந்தது. 1930இல் பணியில் இருந்து விலகினார்.

ஓய்வு அவருக்குப் பிடிக்கவில்லைபோலும். 1930களின் தொடக்கத்தில் கென்யாவின் ககமெகா பகுதியில் தங்கம் கிடைத்தபோது, அதை மதிப்பிட அரசாங்கம் அவரை அழைத்தது. அங்கே காணி ஆபிரிக்க மக்களின் ஒதுக்க நிலம். எக்காலத்துக்கும் அவர்களுடையது என்று 1930இல்தான் சட்டம் வாக்குறுதி கொடுத்திருந்தது. எடுக்கவேண்டி வந்தால் பதிலுக்கு வேறு காணி கொடுக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. தங்கம் தெரிந்ததும் 1932இல் அந்தச் சட்டத்தையே திருத்தினார்கள். காணிக்குக் காணி கொடுக்கத் தேவையில்லை, பணம் போதும் என்றாயிற்று. அந்த வாக்குறுதி நெடுங்காலம் தாங்கவில்லை. திருத்தத்தைச் செய்தவர் கிற்சன் அல்ல. நிலத்தின் அடியில் இருப்பதை அவர் அளந்து சொன்னார், நிலத்தின் மேல் இருந்தவர்களைப் பற்றி மற்றவர்கள் முடிவெடுத்தார்கள். அவருடைய வாழ்க்கை முழுவதும் இந்த வேலைப் பிரிவு இப்படியே இருந்தது.

1937 மார்ச்சில் இங்கிலாந்தில் அவர் காலமானார். வயது அறுபத்தெட்டு.

அவருடைய நூல் சாகவில்லை. அடுத்த வருடமே டங்கன் ரோஸ் என்ற தென்னாபிரிக்கர் அதை வாசித்துவிட்டு, அணைக்கும் அலுமினியத்துக்குமாக ஒரு கூட்டுக் கம்பனி அமைக்க முயன்றார். யுத்தம் வந்தது. 1940இல் பிரான்ஸ் வீழ்ந்ததும் பிரித்தானியாவுக்குப் பிரெஞ்சுப் பொக்சைற் நின்றுபோனது. விமானம் கட்ட அலுமினியம் வேண்டும். அவசர அவசரமாகக் கோல்ட் கோஸ்ட்டின் மேற்கில் ஆவாசோ மலையில் தோண்டத் தொடங்கினார்கள், புகையிரதப் பாதையும் போட்டார்கள். யுத்தம் முடிந்த பின்னரும் பல தசாப்தங்களாக ஆவாசோவின் கல் கல்லாகவே கப்பலேறி ஸ்கொட்லாந்து ஆலைக்குப் போனது.

1957இல் கானா சுதந்திரம் பெற்றது. குவாமே நிக்ருமாவுக்குக் கிற்சனின் யோசனை வேறொரு பொருளைக் கொடுத்தது. சொந்தக் கல், சொந்த ஆறு, சொந்த மின்சாரம், சொந்த உலோகம். கொக்கோ விற்றுக் காலம் தள்ளும் நாடு தொழில் நாடாக மாறும். இந்தக் கனவைப் பரிகசிக்க என்னால் முடியாது. சுதந்திரம் பெற்ற எந்த மக்களும் அப்படித்தான் கனவு காண்பார்கள். பணம்தான் நிக்ருமாவிடம் இருக்கவில்லை. பணம் அமெரிக்கக் கம்பனியான கைசரிடமும் வொஷிங்டனிடமும் உலக வங்கியிடமும் இருந்தது. கைசர் 1959இல் திட்டத்தைத் திருப்பி அளந்தது. அணை கிற்சன் சொன்ன அக்கொசொம்போவிலேயே இருக்கட்டும். ஆனால் கானாவில் அலுமினா ஆலை வேண்டாம், தொடக்கத்தில் அலுமினாவை வெளிநாட்டில் இருந்து கொண்டுவரலாம் என்றது. அந்தத் தொடக்கம் முடிவுக்கு வரவேயில்லை. தேமாவில் எழுந்த வல்கோ உருக்காலை கப்பலில் வந்த வெள்ளைத் தூளைத்தான் உருக்கியது. எஜுவானெமாவின் சிவந்த தொப்பி மலையிலேயே கிடந்தது. அணையின் மின்சாரத்தில் பெரும்பகுதியை உருக்காலை எடுத்தது. ஓர் அலகுக்குக் கொடுத்த விலை ஒரு அமெரிக்க சதத்தின் கால்வாசியைவிடச் சற்றுக் கூட, அவ்வளவுதான். அந்த விலையை மாற்ற 1980களின் நடுப்பகுதி வரை கானா காத்திருந்தது.

அணை 1961இல் தொடங்கி 1965இல் முடிந்தது. 1966 ஜனவரி 22ஆம் திகதி நிக்ருமா அதைத் திறந்துவைத்தார். ஒரு மாதம் கழித்து, அவர் வெளிநாட்டில் இருந்தபோது, இராணுவம் அவரைக் கவிழ்த்தது.

தண்ணீர் ஏறியது. ஏறக்குறைய 8,500 சதுர கிலோமீற்றர் மூழ்கியது. ஏறக்குறைய நமது வடமாகாணத்தின் அளவு அது. எழுநூறுக்கு மேற்பட்ட ஊர்களின் மக்களை 52 புதிய குடியேற்றங்களில் இருத்தினார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வீட்டின் தொடக்கம் மட்டும் கொடுக்கப்பட்டது. ஒரு அறை முடிந்திருக்கும், மற்ற அறைகளுக்கு அத்திவாரம் இருக்கும். மீதியை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்பது ஏற்பாடு. இங்கே மீள்குடியேற்றத்தில் பாதியில் நின்ற வீடுகளைக் கண்டவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பல மனைவியரும் பிள்ளைகளுமாகப் பெரிய வளவுகளில் வாழ்ந்த குடும்பங்கள் ஒற்றை அறைக்குள் வந்தன. இயந்திரங்களால் காடு வெட்டித் தருவதாகச் சொன்ன விவசாயக் காணி நேரத்துக்குக் கிடைக்கவில்லை. உலக உணவுத் திட்டத்தின் நிவாரணத்தில் சனம் இருந்தது. தங்களுக்கு முன்பே அங்கிருந்தவர்களோடு காணித் தகராறுகள் வந்தன. சில வருடங்களுக்குள் பலர் குடியேற்றங்களை விட்டு வெளியேறி ஏரிக்கரைக்கே போய் மீன்பிடிக் குடிசை போட்டார்கள். ஓடாத தண்ணீரில் நத்தை பெருகியது. அதனோடு பில்ஹார்சியா நோய் பரவியது. குழந்தைகளின் சிறுநீரில் இரத்தம் போவது ஏரிக்கரை ஊர்களில் சாதாரணமானது. தங்கள் ஊரை மூழ்கடித்து எடுத்த மின்சாரம், ஏரியைச் சுற்றி இருந்த பல ஊர்களுக்குத் தசாப்தக்கணக்காக வரவில்லை.

கிற்சன் தேடிய பொக்சைற் இன்று மறுபடியும் பேச்சில் இருக்கிறது. 2018இல் கானா அரசாங்கம் பொக்சைற்றுக்கென்றே ஒரு கூட்டுத்தாபனத்தை அமைத்தது. வீதிகளும் பாலங்களும் கட்டித் தர, எதிர்கால பொக்சைற் வருமானத்தைக் காட்டி சீனக் கம்பனி ஒன்றுடன் 2 பில்லியன் டொலர் அளவிலான ஏற்பாட்டுக்குப் போனது. 2019இல் அத்தேவா காட்டு மலையில் துளையிட்டு மாதிரி எடுக்க இயந்திரங்கள் ஏறின. பிரிம், டென்சு, அயென்சு ஆகிய மூன்று ஆறுகள் அந்த மலையில் பிறக்கின்றன. தலைநகர் அக்ராவின் ஒரு பகுதி உட்பட ஐம்பது இலட்சம் அளவிலான மக்கள் அந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறார்கள்.

குழி வெட்டிப் பார்த்த காலம் போய் இப்போது துளைக்கருவி வந்திருக்கிறது. மற்றபடி அலுமினா வீதம், சிலிக்கா வீதம், தடிப்பு, தொன், துறைமுகத்துக்கான தூரம் என்று அட்டவணை கிற்சன் காலத்தைப் போலவே இருக்கிறது. வித்தியாசம் ஒன்றுதான். மலையடிவாரத்து மக்கள் இம்முறை தண்ணீர் ஏறும்வரை காத்திருக்கவில்லை. அக்ரா வரை நடைபயணமாகப் போனார்கள். 2020இல் சூழல் அமைப்புகளோடு சேர்ந்து அரசாங்கத்துக்கு எதிராக உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்தார்கள். அத்தேவாவைத் தேசியப் பூங்காவாக அறிவிக்க வேண்டும், துளையிட்ட இடங்களை மீண்டும் காடாக்கித் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள்.